தட்டிக்குப் பின்னால் ரோவினா

ரோவினா பிக்கெட்டுக்குப் பள்ளிப் பேண்டு வாத்தியக் குழுவில் பிள்ளை கிடையாது. அதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். பிரச்சினை என்று ஒன்று வந்தபோது எல்லோரும் முதலில் சொன்னது அதைத்தான்.

முன்பு இருந்தது. அவள் மகள் டெஸ்ஸா ஒன்பதாம் வகுப்பில் டிரம்போனோடு டெல்வின் உயர்நிலைப் பள்ளிப் பேண்டில் சேர்ந்தாள். ரோவினா ஊர் எல்லையில் இருக்கும் தானியக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவள். நல்ல உயரம், அகலமான தோள், டிராக்டர் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும் குரல். மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவிட வந்தவள், பெரிய டிரம்களைப் பேண்டு லாரியில் ஏற்றத் தெரியாமல் நாங்கள் நான்கைந்து பெற்றோர் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, "நகருங்க, நகருங்க" என்று உள்ளே புகுந்தாள். அன்றிலிருந்து லாரி அவள் கைக்குப் போய்விட்டது. சீருடைக்குப் பொத்தான் தைப்பது, தண்ணீர்க் குடம் நிரப்புவது, தொப்பிக்கு இறகு செருகுவது எல்லாம் எங்கள் எல்லோருக்கும் பொதுவான வேலை. ஆனால் எது முதலில் ஏற வேண்டும், எதை எதனோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்பதில் அவள் சொல்தான் கடைசிச் சொல்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில் டெஸ்ஸா டிரம்போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். "ம்மா, நான் திரும்பின பக்கமெல்லாம் நீ நிக்கிற. பஸ்ஸுல நீ, மைதானத்துல நீ, சாப்பாட்டு வரிசையில நீ. பேண்டை நீயே வச்சுக்கோ, என்னை விட்டுடு" என்றாளாம். இதை ரோவினாவே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அடுத்த பயிற்சிக்கு லாரிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கத்தான் வந்தாள். அன்று பார்த்து லாரியின் பின்கதவு சிக்கிக்கொண்டு திறக்கவில்லை. திறந்துவைத்தாள். திறந்தபின் உள்ளே இருந்ததை இறக்க வேண்டியிருந்தது. இறக்கியதை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. சாவி அவள் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது.

நான் ஜூன் ஹார்க்கி. என் மகன் கிளாரினெட் வாசிக்கிறான். அவளோடு லாரியில் ஏறி இறங்கிய வருடங்களில் நான் பாரம் தூக்கக் கற்றுக்கொண்டதெல்லாம் அவளிடம்தான்.

அந்த வருடம் எங்கள் பிள்ளைகள் மைதானத்தில் அணிவகுத்து நடந்தபடி வாசித்துக் காட்டப்போவது ஒரு கடற்புயல் கதை. எங்கள் ஊரில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. ஓக்லஹோமாவில் புயல் என்றால் புழுதி, இல்லாவிட்டால் ஆலங்கட்டி. ஆனாலும் பேண்டு மாஸ்டர் எஸ்பினோசாவுக்கு அந்தக் கதை பிடித்துப்போயிருந்தது. வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கர்ட்டிஸ் யோக்கம் அதற்காக நான்கு பெரிய தட்டிகள் செய்துகொண்டு வந்தான். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். இரும்புச் சட்டம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, துணி முழுக்க அலைகள், அடியில் சக்கரங்கள். நடுத்தட்டியின் பின்னால் ஓர் ஏணி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒருவர் நிற்க மட்டும் ஒரு பலகை. கர்ட்டிஸின் மகள் மாரா அதில் ஏறி நின்று, அலைக்கு மேலே தலையும் டிரம்பெட்டும் மட்டும் தெரிய, தனியாக வாசிக்க வேண்டும். முதல் ஒத்திகையில் அவள் அப்படி எழுந்து வந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கர்ட்டிஸ் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

ரோவினா மட்டும் தட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"கர்ட்டிஸ், இது தட்டி இல்லப்பா. பாய்மரம்."

"கடல் கதைதானே? பாய்மரமும் இருந்துட்டுப் போகட்டும்." எல்லோரும் சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க. நம்ம ஊர்க் காத்து இதைக் கையில எடுத்துச்சுன்னா என்ன ஆகும்?"

"மணல் மூட்டை வைக்கிறேன். போதுமா? ஏறி நிக்கப்போறது என் பொண்ணு, ரோவினா. எனக்கு அக்கறை இல்லாமலா செஞ்சிருப்பேன்?"

ரோவினா லாரிப் பக்கம் போய்விட்டாள். மூட்டைகள் வந்தன. ஒத்திகை எல்லாம் நன்றாகவே நடந்தது.

போட்டி அக்டோபரில், மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த ஓர் ஊரின் மைதானத்தில். காலையில் நாங்கள் இறங்கியபோது இலை அசையவில்லை. பிள்ளைகள் லாரி நிழலில் உட்கார்ந்து பன் மாதிரியான பிஸ்கட்டுக்குள் சாசேஜ் வைத்துத் தின்றார்கள். மதியத்துக்கு மேல் தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. கொடிக்கம்பத்தின் கயிறு இரும்பில் அடித்து அடித்து மணி மாதிரிச் சத்தம் போட்டது. எங்களுக்கு முந்திய பள்ளி, தங்கள் தட்டிகளை லாரியை விட்டு இறக்கவே இல்லை.

ரோவினா நேராகப் பேண்டு மாஸ்டரிடம் போனாள். எஸ்பினோசாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் கட்டிய டை தோளுக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தது.

"மாஸ்டர், இன்னிக்குத் தட்டி வேண்டாம்."

"தட்டி இல்லாம புயல் எங்க இருக்கு, ரோவினா? பிள்ளைங்க கோடை முழுக்க அதை வச்சுத்தானே நடந்தாங்க."

கர்ட்டிஸ் அதற்குள் வந்துவிட்டான். "யாரு வேண்டாம்னது? நீயா? மூட்டை வச்சிருக்கேன், பூட்டு போட்டிருக்கேன், இன்னும் என்ன செய்யணுங்கிற?"

"காத்தைக் கட்டிப் போடு. முடியுமா?"

"உனக்கென்ன, உன் பிள்ளை இதுல இல்ல. இருந்திருந்தா இப்படிப் பேசுவியா?"

பக்கத்தில் நின்ற நாங்கள் எல்லோரும் லாரியைப் பார்த்தோம், தரையைப் பார்த்தோம். ரோவினாவின் கழுத்து சிவந்தது.

"இல்லதான்" என்றாள். "அதுக்கும் காத்துக்கும் என்ன சம்பந்தம்?"

மாரா சீருடையில் வந்து நின்றாள். "மிஸ் ரோவினா, நான் ஏறிடுவேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல."

"உனக்குப் பயம் இல்லாததுதான்மா எனக்குப் பயம்."

எஸ்பினோசா கொடிக்கம்பத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சொன்னார்: தட்டிகள் போகும். ஒவ்வொன்றின் பின்னாலும் பெரியவர்கள் இரண்டு பேர் மண்டியிட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏணியடியில் ரோவினா இருப்பாள். மாரா வந்து நிற்கும்போது ரோவினா தலையை ஆட்டினால் ஏறலாம். மறுத்தால், ஏறாமல் தட்டிக்கு முன்னால் ஓடிப்போய்த் தரையில் நின்று வாசிக்க வேண்டும்.

"அவ கையிலயா கொடுக்கறீங்க?" கர்ட்டிஸ் குறுக்கே வந்து நின்றான். "அப்பன் நான் இருக்கேன் மாஸ்டர்."

"அதனாலதான். உங்களால வேண்டாம்னு சொல்ல முடியாது."

கர்ட்டிஸைக் கடைசித் தட்டிக்கு அனுப்பினார்கள். நடுத்தட்டியில் ரோவினாவும் நானும்.

வாசலைத் தாண்டித் தட்டியைத் தள்ளிக்கொண்டு புல்லில் கால் வைத்ததுமே, யாரோ எதிரில் நின்று தோளால் இடிப்பது போலக் காற்று இடித்தது. எப்படியோ கொண்டுபோய் நிறுத்தினோம். சக்கரங்களைப் பூட்டினோம். மண்டியிட்டோம். அதன்பிறகு எங்களுக்கு எதுவும் தெரியவில்லை. முன்னால் நூறு பிள்ளைகள் நடக்கிறார்கள், திரும்புகிறார்கள், வாசிக்கிறார்கள். எங்களுக்குத் தெரிவது துணியின் முதுகும் இரும்பும்தான். பாட்டு காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது. துணி, நனைந்த போர்வையை உதறுவது போல அறைந்தது.

"ஜூன், கையை நம்பாதே. உடம்பைக் கொடுத்துத் தாங்கு." சட்டத்தின் இடதுகாலில் தோளை முட்டுக்கொடுத்து, ஒரு கையால் ஏணியைப் பிடித்திருந்தாள். நான் வலதுகாலில். எங்களுக்கு நடுவே ஏணியும் மூட்டைகளும்.

டிரம்கள் அடங்கின. அதுதான் அடையாளம். தட்டியைச் சுற்றி மாரா ஓடிவந்தாள். முகம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, டிரம்பெட்டை மார்போடு அணைத்தபடி முதல் படியில் கால் வைத்தாள். வைத்துவிட்டு ரோவினாவைப் பார்த்தாள்.

ரோவினா அவளைப் பார்க்கவில்லை. கீழே, தன் காலடிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியில் காற்று தணிந்தது. நான் உணர்ந்தேன். துணிகூடத் தொய்ந்தது. சரி, தலையை ஆட்டிவிடுவாள் என்று நினைத்தேன். ஆட்டிவிடேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். அந்தப் பெண்ணின் முகம் அப்படி இருந்தது.

ரோவினா மறுத்துத் தலையசைத்தாள்.

மாரா காலை எடுக்கவில்லை. "காத்து நின்னுடுச்சு, மிஸ் ரோவினா!"

"இறங்கு."

"ப்ளீஸ்…"

"இறங்கும்மா. முன்னாடி போ. ஓடு!"

அவள் ஓடினாள். ஆனால் தாமதமாகிவிட்டது. முதல் வரி போயே போய்விட்டது. இரண்டாவது வரியில் ஒரு சுரம் பிசிறியது. அலைக்கு மேலே எழுந்து வந்திருக்க வேண்டிய ஓசை, அலைக்குக் கீழே எங்கோ சிக்கிக்கொண்டு திணறியது. நான் தட்டியை இறுக்கிப் பிடித்தபடி காற்றுக்காகக் காத்திருந்தேன். வரட்டும், இப்போதாவது வந்து ஒரு தள்ளு தள்ளட்டும் என்று இருந்தது எனக்கு. வரவில்லை. மாரா வாசித்து முடிக்கும்வரை அந்தத் தட்டி சுவர் மாதிரி நின்றது.

இறுதிச் சுற்றுக்கு எங்கள் பள்ளியின் பெயரைக் கூப்பிடவில்லை. தரவரிசையில் ஒரே ஓர் இடம் பின்தங்கியதால் நழுவிப்போனது.

கர்ட்டிஸ் லாரிக்கு வரும்வரை பொறுத்திருந்தான். "எதுக்குடி வேண்டாம்னு சொன்ன? சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு."

"என் பக்கத்துப் பின்சக்கரம் எழும்புச்சு. புல்லை விட்டு."

"எழும்புச்சா? பூட்டின சக்கரமா? ஜூன், நீ பக்கத்துலதானே இருந்த? பாத்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் அந்தப் பக்கம் இருந்தேன். என் பக்கம் எழும்பல. அவ பக்கம் எனக்குத் தெரியாது."

நடந்தது அதுதான். ரோவினா என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. "அவ பாத்ததைத்தானே அவ சொல்ல முடியும்" என்றாள்.

"அதான் நின்னுச்சே!" கர்ட்டிஸ் கத்தினான். "கடைசிவரைக்கும் நின்னுச்சே, ரோவினா!"

"நின்னுச்சு. உன் பொண்ணு உச்சியில இல்ல. அதான் நின்னுச்சு."

அவன் கையை ஓங்கவில்லை. ஆனால் கையிலிருந்த, தட்டிகளை லாரியில் இறுக்கிக் கட்டும் கட்டுப்பட்டையைத் தரையில் அறைந்தான். மாரா எங்களைக் கடந்து பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாட்கள் மோசமாக இருந்தன. வெள்ளிக்கிழமை புட்பால் ஆட்டத்துக்குப் பேண்டுப் பெற்றோர்தான் தின்பண்டக் கடை போடுவோம். பீன்ஸும் கொத்துக்கறியும் போட்ட சில்லிக் குழம்புப் பாத்திரத்தின் அருகே ரோவினா தனியாக நின்றாள். வழக்கமாக அங்கே இடம் கிடைக்காது. வரிசையில் நின்ற ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், கேட்கும்படியாகவே சொன்னாள்: "சொந்தப் பிள்ளை பேண்டை விட்டுட்டுப் போன கடுப்பு. ஊரான் பிள்ளை மேல காட்டுது." ரோவினா அவளுக்கும் ஒரு கரண்டி சில்லி ஊற்றி நீட்டினாள். "வெங்காயம் போடவா?" என்று கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

பேண்டு அறையில் பெற்றோர் கூட்டம் போட்டோம். கர்ட்டிஸ் எழுந்தான். "லாரியில அவ இருந்தா நான் இல்ல. நான் இருந்தா அவ இல்ல. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

ரோவினா சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தாள். "எடுக்கிறவங்க எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. மறுபடி என்னை அந்த ஏணியடியில உட்காரவச்சுக் கேட்டா, அன்னிக்கிச் சொன்னதையேதான் சொல்லுவேன்."

யாரும் கையை நீட்டவில்லை. யாரும் 'வச்சுக்கோ' என்று சொல்லவும் இல்லை. நானும் சொல்லவில்லை. கடைசியில் எஸ்பினோசா, "முடிவெடுக்கச் சொன்னது நான். தட்டியை உள்ள கொண்டுபோகச் சொன்னதும் நான். திட்டணும்னா என்னைத் திட்டுங்க" என்றார். கர்ட்டிஸ் கதவை அறைந்துவிட்டுப் போனான். சாவி மேசையிலேயே கிடந்தது. கூட்டம் கலைந்தபின் எஸ்பினோசா அதை எடுத்து அவள் கையில் திணித்தார்.

அவளை வீட்டில் விடப் போனேன். அவளே சமையலறைக்குள் இழுத்துப்போனாள். டெஸ்ஸா அப்போதுதான் வேலைபார்க்கும் பர்கர் கடையிலிருந்து வந்திருந்தாள். உடம்பெல்லாம் எண்ணெய் வாசம். பேண்டுப் பிள்ளைகள் அந்தக் கடையில்தான் கூடுவார்கள். அவள் காதுக்கு எல்லாமே போயிருக்கும்.

"எழும்புச்சா, ம்மா?" என்றாள்.

"எழும்புச்சு."

"எவ்ளோ?"

"விரல் நுழையற அளவு."

"அப்ப அவங்க கிடக்காங்க." கொண்டுவந்த உருளைக்கிழங்கு வறுவலைச் சூடாக்கி எங்கள் முன்னால் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேசினாள். ரோவினா வறுவல் தட்டை என் பக்கம் தள்ளினாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"எழும்புச்சுன்னுதான் நினைக்கிறேன், ஜூன். ஆனா இப்பக் கண்ணை மூடிப் பாத்தா, ஒரு தடவை எழும்புது. இன்னொரு தடவை எழும்பல."

"அடியே, அப்புறம் ஏன் அங்க அவ்ளோ அழுத்தமா…"

"பின்னே? தெரியல, ஒருவேளை இருக்கலாம்னு சொல்லியிருந்தா அடுத்த தடவை நான் வேண்டாம்னு தலையசைச்சா எந்தப் பிள்ளை இறங்கும்?"

சொல்லிவிட்டு ஒரு வறுவலை எடுத்துத் தின்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. கர்ட்டிஸ் பள்ளிக்குப் போய், நடுத்தட்டியைத் தன் வண்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தானாம். பட்டறைக்குப் பின்னால் இருக்கும் வெற்று நிலத்தில் நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டி, மூட்டைகளை வைத்து, உச்சிப் பலகையில் மாராவின் எடைக்குச் சமமாக மணலைக் கட்டி வைத்தானாம். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தானாம். அவன் மனைவி என்னிடம் சொன்னது இது.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"நான் சர்ச்சுக்குப் போயிட்டேன். மாராவையும் கூட்டிட்டுத்தான் போனேன். திரும்பி வந்து பாத்தா தட்டி நிமிர்ந்துதான் நின்னுச்சு. விழுந்து இவர் தூக்கி வச்சாரா, விழவே இல்லையா, யாருக்குத் தெரியும்? கேட்டேன். சாப்பாடு எடுத்து வைன்னார். சாப்பிட்டுட்டுப் போய் வெட்ட ஆரம்பிச்சார்."

நான்கு தட்டிகளையும் பாதிக்கு வெட்டிவிட்டான். அலையின் மேற்பகுதி போனதால் துணியைக் கழற்றி மறுபடி இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது. ஓவியம் கோணலாகிவிட்டது. பலகை இப்போது ஒரு மேசை உயரத்தில் இருந்தது. பயிற்சியன்று எஸ்பினோசா அவற்றை ஒருமுறை சுற்றி வந்தார். ரோவினா ஒன்றைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கர்ட்டிஸ் அங்கே நிற்காமல் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. மாராவும் ரோவினாவோடு பேசவில்லை.

வருடத்தின் கடைசிப் போட்டி நவம்பர் தொடக்கத்தில். நல்ல குளிர். அன்றும் காற்று இருந்தது, முன்பு போல இல்லை. உள்ளே போகும் வரிசையில் நின்றபோது கர்ட்டிஸ் என்னிடம் வந்தான்.

"ஜூன், நீ கடைசித் தட்டிக்குப் போயிடு. இதை நான் பிடிக்கிறேன்."

நான் ரோவினாவைப் பார்த்தேன். அவள் கையுறையைச் சரிசெய்துகொண்டு, "போயேன்டி, என்ன பாக்கிற?" என்றாள்.

அதனால் பக்கத்திலிருந்து பார்க்கும் பாக்கியம் எனக்கு இல்லை. மைதானத்தின் ஓரத்திலிருந்து, துணிகளின் முதுகைத் தாண்டி, இரண்டு குனிந்த உருவங்கள் மட்டும் தெரிந்தன. டிரம்கள் அடங்கியதும் மாரா அவர்களுக்கு நடுவே வந்து நின்றாள். முதலில் அப்பாவைத்தான் பார்த்தாள். கர்ட்டிஸ் தலையாட்டவில்லை. ரோவினா பக்கம் முகத்தைக் காட்டினான். மாரா திரும்பினாள். ரோவினா தன் காலடியைப் பார்த்தாள். துணியை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி காலடியைப் பார்த்தாள். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது என்று சொல்ல முடியாது. என் தட்டியின் காலில் தோளை இன்னும் அழுத்தினேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

மாரா ஏறினாள். கோணல் அலைக்கு மேலே அவள் தலையும் தோளும் எழுந்தன. காற்று அவள் தொப்பியின் இறகைப் பக்கவாட்டில் மடக்கியது. அவள் வாசித்தாள். எதிரே பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தவர்களுக்கு எப்படிக் கேட்டதோ தெரியாது. தட்டிக்குப் பின்னால் இருந்த எங்களுக்கு முழுசாகக் கேட்டது. கர்ட்டிஸ் நெற்றியை இரும்பில் சாய்த்துக்கொண்டான். ரோவினா நிமிரவே இல்லை. மாரா இறங்கி ஓடும்வரை அவள் முகம் சக்கரத்தை விட்டுத் திரும்பவில்லை.

இறுதிச் சுற்றுக்குப் போனோம். அதில் கடைசி இடம் வந்தோம். பிள்ளைகள் முதலிடம் வந்தது போலக் குதித்தார்கள். மாரா பஸ்ஸுக்குப் போகும் வழியில் லாரியருகே ஒரு கணம் நின்றாள். "தேங்க்ஸ், மிஸ் ரோவினா" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

தட்டிகளை ஏற்றினோம். அந்தப் பக்கம் கர்ட்டிஸ், இந்தப் பக்கம் ரோவினா, நடுவில் கட்டுப்பட்டை.

"அடுத்த வருஷம் என்ன கதைன்னு மாஸ்டர் சொன்னாரா?" என்று கேட்டான் கர்ட்டிஸ். அந்த மைதானச் சண்டைக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"ஏதோ மலையாம்."

"மலையா?" கர்ட்டிஸ் பட்டையைப் பிடித்தபடி யோசித்தான். "எவ்ளோ உயரம் வரும்?"

"முதல்ல உன் பக்கத்தை இறுக்குப்பா" என்றாள் ரோவினா.